வீடு கட்டியவர்களின் ஊரில் வீட்டையே கொடுத்தவர்! - காரைக்குடியில் வள்ளல் அழகப்பரைத் தேடி ஒரு நாள்

காரைக்குடிக்குப் போகிறேன் என்று ஆபீஸில் சொன்னதுமே லிஸ்ட் வந்துவிட்டது. ஆயிரம் ஜன்னல் வீட்டுக்கு முன்னால் ஒரு போட்டோ, கானாடுகாத்தான் அரண்மனை, ஆத்தங்குடி டைல்ஸ், கண்டாங்கிச் சேலை. ‘கந்தரப்பம் வாங்க மறந்துடாதே’ என்று சீனியர் அக்கா ஒருவர் தனியாக மெசேஜ் வேறு போட்டிருந்தார். அந்த லிஸ்ட்டில் கல்லூரிச் சாலை இல்லை. செட்டிநாட்டுக்குச் சுற்றுலா போகிற யாருடைய லிஸ்ட்டிலும் அது இருப்பதாகத் தெரியவில்லை.

செட்டிநாட்டு வீடுகளை முதன்முறை நேரில் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வராது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளும் வீடுகள். பர்மா தேக்கில் தூண்கள், இத்தாலியிலிருந்து பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர். பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்தவர்கள், ஆறும் இல்லாத, பெரிய வயலும் இல்லாத இந்த வானம் பார்த்த பூமியில் கொண்டுவந்து கொட்டிய பணம் அது. 1942-ல் ஜப்பான் படைகள் பர்மாவுக்குள் நுழைந்ததும், போரும் அதன்பின் அங்கே வந்த சட்டங்களும் அந்தப் பணத்தின் ஊற்றுக்கண்ணை அடைத்துவிட்டன. வீடுகள் மட்டும் நின்றன. இன்றைக்கு அவற்றில் நிறைய வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன. கல்யாணம், படைப்பு என்றால் திறப்பார்கள்.

சில வீடுகள் முழுதாக நிற்கவும் இல்லை. முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் அவற்றைப் பகுதி பகுதியாகப் பார்க்கலாம். பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. கஜலட்சுமி செதுக்கிய நிலைக்கதவுகள், தூண்கள், எனாமல் தூக்குச்சட்டிகள், யாரோ ஒரு குடும்பத்தின் போட்டோ பிரேம்கள். ஒரு கடையில், என் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு இருந்த நிலைவாசலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். “இதைத் தாண்டி எத்தனை மருமக உள்ள போயிருப்பாளோம்மா” என்றார் கடைக்காரர். அப்புறம் விலையைச் சொன்னார். நான் கையை எடுத்துவிட்டேன்.

அங்கிருந்து ஆட்டோ பிடித்துக் கல்லூரிச் சாலைக்குப் போகச் சொன்னேன். “யாரைப் பாக்கப் போறீக தங்கச்சி?” என்றார் டிரைவர் அண்ணன். “அழகப்பரை” என்றேன். கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்தார். “எங்க வீட்ல நாலு பேரு. நாலு பேரும் அங்கதான் படிச்சோம். நான் மட்டும் பாதியில விட்டுட்டேன்” என்று சிரித்தார்.

‘சவரன்’ கணக்கில் பார்த்தால்...

ராம.அழகப்பச் செட்டியார் பிறந்தது 1909 ஏப்ரல் 6, காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில். காரைக்குடி எஸ்.எம்.எஸ். வித்யாசாலையில் படித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தார். லண்டன் போய் பாரிஸ்டர் ஆனார். அங்கேயே சார்ட்டர்ட் வங்கியில் பயிற்சி எடுத்தார். சும்மா இருக்காமல் குராய்டனில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கிவிட்டார். நாம் டூ வீலர் லைசென்ஸுக்கு எட்டு போட்டுக் காட்டவே எத்தனை தடவை போகிறோம்!

ஊர் திரும்பியவர் வட்டித்தொழிலோடு நிற்கவில்லை. 1937-ல் கொச்சி சமஸ்தானத்தில் நூற்பாலை தொடங்கினார். திருச்சூர் மாவட்டத்தில் அந்த இடத்துக்கு இன்றும் ‘அழகப்ப நகர்’ என்றுதான் பெயர். மலேயாவில் ரப்பர், பர்மாவில் ஈயச் சுரங்கம், இன்ஷூரன்ஸ் என்று கைவைக்காத துறை இல்லை. ‘ஜூபிடர் ஏர்வேஸ்’ என்று சொந்தமாக விமான கம்பெனியே வைத்திருந்தார். பிரிட்டிஷ் அரசு ‘சர்’ பட்டம் கொடுத்தது. நாடு விடுதலை அடைந்ததும் அதை வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

கொடுப்பது நகரத்தார் வழக்கத்துக்குப் புதிதல்ல. வியாபாரத்தில் ஒரு பங்கை ‘மகமை’ என்று தர்மத்துக்கு எடுத்துவைக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. தமிழ்நாட்டில் எத்தனையோ சிவன் கோயில்களின் திருப்பணிக் கல்வெட்டைப் படித்தால் ஒரு செட்டிநாட்டு ஊரின் பெயர் இருக்கும். சத்திரங்கள், வேத பாடசாலைகள், ஊருணிகள் எல்லாம் அப்படி வந்தவைதான். படிப்புக்கு என்று பெரிய அளவில் திருப்பியவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். ஆனால், அவருடைய பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் எழுந்தது. சொந்தச் சீமையில் பிள்ளைகள் காலேஜ் படிக்கவேண்டும் என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோதான் போகவேண்டும் என்ற நிலை மாறவில்லை.

அழகப்பரும் முதலில் வெளியூருக்குத்தான் கொடுத்தார். 1944-ல் சென்னை கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி அமைய 5 லட்சம் ரூபாய். இன்ஜினீயரிங் மாணவர்கள் ‘ஏ.சி. டெக்’ என்று சொல்கிறார்களே, அந்தக் கல்லூரி. (அந்த ‘ஏ.சி.’ அழகப்பச் செட்டியார் என்பது, அங்கே படித்த என் நண்பன் ஒருவனுக்கே மூன்றாம் வருடம்தான் தெரிந்ததாம்!) திருவாங்கூர் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆய்வுக்கு 1 லட்சம் கொடுத்தார்.

பிறகுதான் அந்த நாள் வருகிறது. 1947 ஜூலை 3. சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. மேடையில் பேசிய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார், கல்லூரிகள் போதவில்லை, செல்வந்தர்கள் முன்வந்து தொடங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். இப்படி எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். கைதட்டிவிட்டுக் காபி குடிக்கப் போவதுதான் வழக்கம். அழகப்பர் எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்க 1 லட்சம் ரூபாய் தருவதாக அங்கேயே அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 38.

1 லட்சம் என்றால் இன்றைக்கு ஒரு நல்ல பைக் வாங்கமுடியாது. ஆனால், அன்றைக்கு ஒரு சவரன் தங்கம் 100 ரூபாய்க்கும் கீழே. ஆயிரம் சவரனுக்கு மேல் வாங்கக்கூடிய பணத்தை ஒரு கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று கொடுத்தார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்தத் தொகையைவிட அதற்கடுத்து வரும் தேதிதான் ஆச்சரியமாக இருந்தது. ஆகஸ்ட் 11-ம் தேதி, அதாவது அறிவித்த 39-வது நாள், காரைக்குடி காந்தி மாளிகையில் அழகப்பா கலைக் கல்லூரி தொடங்கிவிட்டது. நாடு சுதந்திரம் அடைய இன்னும் நான்கு நாள் பாக்கி. கட்டடம் வரட்டும், திறப்பு விழாவுக்கு ஆள் கிடைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. அந்த வருடம் பள்ளி முடித்த பையன்களுக்கு ஒரு வருடம் வீணாகக்கூடாது என்று நினைத்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றியது.

பொட்டலில் ஒரு சிக்ரி

கல்லூரிச் சாலையில் இறங்கி நடந்தால், மரங்கள் அடர்ந்த வளாகங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. இடையில் ஒரு பெரிய மத்திய அரசு நிறுவனம். அதிகாரபூர்வப் பெயர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். காரைக்குடிக்காரர்களுக்கு அது ‘சிக்ரி’. ஆட்டோ ஸ்டாண்டிலும் அதுதான் பெயர், பஸ்ஸிலும் அதுதான் பெயர்.

இது எப்படி இங்கே வந்தது என்பதுதான் செட்டிநாட்டின் பெரிய வீடுகளைவிட எனக்குப் பெரிய அதிசயமாகப் பட்டது. சுதந்திரம் அடைந்த கையோடு நாடு முழுக்க தேசிய ஆய்வகங்களைத் தொடங்கிக்கொண்டிருந்த நேரம் அது. டெல்லி, புனே, ஜாம்ஷெட்பூர், லக்னோ, சென்னை என்று பெரிய நகரங்களின் பெயர்களாக இருக்கும் வரிசையில் காரைக்குடியும் இருக்கிறது. அப்போது இது ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சிறு நகரம். பெரிய தொழிற்சாலையோ துறைமுகமோ கிடையாது. இருந்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். இரண்டையும் அழகப்பர் கொடுத்தார். 1948 ஜூலை 25-ம் தேதி பிரதமர் நேரு இங்கே வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ம் தேதி அன்றைய குடியரசு துணைத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார்.

பேட்டரி, மின்முலாம், இரும்பு துருப்பிடிப்பதைத் தடுப்பது - இதெல்லாம்தான் சிக்ரியின் வேலை. கடற்காற்றில் உலோகம் எப்படி அரிக்கப்படுகிறது என்று பார்க்க மண்டபத்தில் ஒரு கிளை வைத்திருக்கிறார்கள். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரியைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், எழுபது வருடங்களுக்கும் மேலாக அதே துறையில் ஆராய்ச்சி நடக்கும் இடம் செட்டிநாட்டுச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கலைக் கல்லூரி, சிக்ரியோடு நிற்கவில்லை. 1950-ல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952-ல் பொறியியல் கல்லூரி, பிறகு பாலிடெக்னிக், உடற்கல்விக் கல்லூரி, மாண்டிசோரி பள்ளி. எல்.கே.ஜி. வயதில் உள்ளே வரும் குழந்தை, ஆராய்ச்சி முடித்து வெளியே போகும்வரை ஊரைவிட்டு நகரவேண்டியதில்லை. நேரு அவரை ‘சோஷலிஸ்ட் முதலாளி’ என்று குறிப்பிட்டதாக ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

எல்லாவற்றிலும் தன் பெயரை வைத்துக்கொண்டாரே என்று ஒருவர் கேட்கலாம். கேட்கட்டும். முகப்பில் தன் பெயரைப் பொறித்துவிட்டு உள்ளே தானே குடியிருந்தவர்கள் நிறைய இருந்த ஊரில், பெயரை மட்டும் வைத்துவிட்டு மற்றவர்களை உள்ளே விட்டவர் இவர். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

கோட்டையூர் ஆச்சி சொன்னது

மதியத்துக்குமேல் கோட்டையூருக்குப் போனேன். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். அகலமான தெருக்கள், இருபக்கமும் பெரிய வீடுகள், ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி, “என்ன ஆத்தா, வெயில்ல சுத்துறே? தண்ணி குடி” என்று கூப்பிட்டார். செம்பில் வந்த பானைத் தண்ணீர் அவ்வளவு ருசி.

அழகப்பர் பெயரை எடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நான் பாத்ததில்ல. எங்க மாமியா சொல்லுவாக. பொம்பளப் புள்ளைக படிக்கிறதுக்குன்னு இருந்த வீட்டையே குடுத்தாகளே ஐயா!”

ஆச்சி சொன்னது ஊர்க்கதை அல்ல. கோட்டையூரில் தான் வாழ்ந்த மாளிகையை, பெண்கள் கல்லூரிக்காகக் கொடுத்தார் அழகப்பர். இந்த ஒரு விஷயத்தில்தான் நான் நிறைய நேரம் நின்றேன். லட்சங்களைக் கொடுக்கலாம், பணம் திரும்பவும் வரும். நிலத்தைக் கொடுக்கலாம், பொட்டல்தானே என்று சொல்லிக்கொள்ளலாம். செட்டிநாட்டில் வீடு அப்படி இல்லை. அது பரம்பரையின் முகவரி. பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடக்கும் இடம், சீர்வரிசைச் சாமான்கள் அடுக்கியிருக்கும் இடம், வெளிநாட்டில் செத்துப்போனாலும் காரியத்துக்கு வந்து கூடும் இடம். பங்காளிகளுக்குள் ஒரு அறைக்காக ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுக்கு நடப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டின் வளவில் பெஞ்சு போட்டு ஊரார் வீட்டுப் பெண்கள் உட்காரட்டும் என்று விட, பணக்காரராக இருந்தால் மட்டும் போதாது. அதுவும் 1950-களை ஒட்டிய காலம். பெண்ணைக் காலேஜுக்கு அனுப்புவதா என்று வீடுகளில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம்.

“எங்க வீட்டைக் கூட்டிப் பெருக்கவே மாசம் எவ்வளவு ஆகுதுன்னு நெனைக்கிறே?” என்றார் ஆச்சி, தன் வீட்டுக்குள் கையைக் காட்டி. “இருக்குறது நான் ஒருத்தி. புள்ளைக எல்லாம் வெளிநாட்டுல. பொங்கலுக்கு வருவோம்ங்குறாக, வாரதில்ல. உள்ள மூணாங்கட்டுப் பக்கம் நான் போயே ஆறு மாசமாச்சு.”

கொஞ்சம் நிறுத்தி, “அவுக வீட்டுல புள்ளைக சத்தம் கேட்டுச்சுல்ல” என்றார்.

பணம் தீர்ந்தபோது...

வள்ளல்களைப் பற்றி எழுதும்போது ஒரு வசதி உண்டு. கொடுத்தார், கொடுத்தார் என்று எழுதிக்கொண்டே போகலாம். பாரி தேருக்குமேல் முல்லைக்கு வேறு என்ன தேவைப்பட்டது என்று நாம் கேட்பதில்லை. (பாரியின் பறம்புமலை என்று சொல்லப்படும் பிரான்மலையும் இதே சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது!) ஆனால், ஒரு நிறுவனத்தை ஆரம்பித்தவர் அடுத்த மாதமும் சம்பளம் போடவேண்டும். அதற்கடுத்த மாதமும்.

அழகப்பர் சென்னையில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். கணித மேதை ராமானுஜன் பெயரில், இந்தியா குடியரசான 1950 ஜனவரி 26 அன்றே ஒரு கணித ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் இயக்குநர் கணித அறிஞர் டி.விஜயராகவன். எந்த லாபமும் வராத, பொதுமக்களுக்குப் புரியவும் புரியாத உயர்கணிதத்துக்கு ஒரு மில் முதலாளி பணம் போட்டார். ஆனால், 1950-களின் நடுவில் அவருடைய நிதிநிலை இறங்கியது. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. நீண்டநாள் நோய் வாட்டியது. விஜயராகவன் 1955-ல் இறந்துபோனார். அழகப்பரின் கடைசிக் காலத்தில், மூடிவிட வேண்டியதுதான் என்ற இடத்துக்கு நிறுவனம் வந்துவிட்டது.

அமெரிக்காவில் இருந்த விண்வெளி இயற்பியல் அறிஞர் எஸ்.சந்திரசேகர், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், ராமானுஜன் பெயரில் இருக்கும் அந்த நிறுவனத்தைக் காப்பாற்றும்படி நேருவுக்கு எழுதினார். 1957-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. சேப்பாக்கத்தில் இன்றும் இயங்குகிறது. அங்கே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்குக் கோட்டையூர் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால், கோட்டையூர்ப் பணம் இல்லாமல் அது தொடங்கியிருக்காது, இன்னொருவர் கை கொடுக்காமல் பிழைத்திருக்கவும் செய்யாது.

காரைக்குடியிலும் பிற்பாடு இதுதான் நடந்தது. கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் மூன்றும் இன்று அரசுக் கல்லூரிகள். 1985-ல் சிவகங்கை தனி மாவட்டமானது. அதே ஆண்டு தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றி அழகப்பா பல்கலைக்கழகத்தை உருவாக்கியது. பெயர் அவருடையது. செலவு நம் எல்லோருடையதும்.

1956-ல் பத்மபூஷண் வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 5-ம் தேதி சென்னை வேப்பேரியில் அழகப்பர் காலமானார். மறுநாள் அவருக்கு 48-வது பிறந்தநாள். அன்னி பெசன்ட் விழாவில் எழுந்து நின்ற நாளிலிருந்து கணக்கெடுத்தால் பத்து வருடங்கள்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. கல்லூரிச் சாலையில் நான் பார்த்த ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் விதை விழுந்தது அந்தப் பத்து வருடங்களுக்குள்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கல்லூரிச் சாலை பஸ் ஸ்டாப்பில் பையும் டிபன் பாக்ஸுமாகக் கூட்டம் நெரிந்தது. திருப்பத்தூர், தேவகோட்டை, புதுவயல் என்று போர்டு பார்த்துப் பார்த்து ஏறினார்கள். பக்கத்தில் நின்ற பெண் பி.எஸ்சி. இரண்டாம் வருடமாம். “ஊரு உள்ளுக்குள்ளக்கா. பஸ்ஸ விட்டா அடுத்தது ராத்திரிதான்” என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய்ப் படிக்கட்டைப் பிடித்தாள். அழகப்பரைப் பற்றிக் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். கேட்க முடியவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால்: சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் நேராகக் காரைக்குடிக்கே வருகிறது. மதுரை, திருச்சியிலிருந்து பஸ் வசதி நிறைய. காலையில் வெயில் ஏறுமுன் கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் முடித்துவிடுங்கள். கல்லூரிச் சாலைக்கு மாலை நேரம் நன்றாக இருக்கும். சிக்ரி ஆராய்ச்சி நிறுவனம் என்பதால், உள்ளே பார்க்க விரும்பினால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. கோட்டையூர்த் தெருக்களில் நடக்கும்போது, பூட்டியிருக்கும் வீடுகளுக்கும் உரிமையாளர்கள் உண்டு என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு, கேட்டுவிட்டுப் போட்டோ எடுங்கள். கந்தரப்பத்தைக் கடைசியாக வாங்குங்கள். சூடு ஆறுமுன் சாப்பிட்டால்தான் அது கந்தரப்பம்.